ரூபாவில் அல்ல, கிலோவில் எண்ணுங்கள்

மார்ச் 31ஆம் திகதி நமது நாட்டில் பெரும்பாலான கம்பனிகளுக்குக் கணக்கு முடியும் நாள். அதன் பின்னர் ஆண்டறிக்கைகள் ஒவ்வொன்றாக வெளிவரும். பளபளப்பான தாளில், தலைவரின் படத்துடன் வரும் இந்தப் புத்தகங்களை நமது கடைக்காரர்களில் வாசிப்பவர்கள் மிகக் குறைவு. "அது பங்கு வாங்குபவர்களின் விடயம், நமக்கெதற்கு?" என்று ஒதுக்கிவிடுகின்றோம். பங்குச் சந்தைப் பக்கமே தலைவைத்துப் படுக்காத சில்லறை வியாபாரிக்கும் அதில் பாடம் இருக்கின்றது என்பது எனது கருத்து. அதிலும் அலுமினியத் தொழிலில் இருக்கும் ஒரு கம்பனியின் ஆண்டுக் கணக்கு நமது கல்லாப் பெட்டியைப் பற்றியே பேசுகின்றது.

நான் எல்லயில் ஹாட்வெயார் வியாபாரம் செய்பவன். ஒரு காலத்தில் ஊவாவில் அலுமினியம் என்றால் வீட்டுச் சட்டி பானையும், தேயிலைப் பெட்டியின் உள்ளே ஒட்டும் பளபளப்புத் தாளும்தான். ஜன்னலும் கதவும் மரத்தில்தான். இன்று எல்ல நகரிலிருந்து ஒன்பது வளைவுப் பாலம் வரை நடந்து பாருங்கள். ஹோட்டல், கெஸ்ட் ஹவுஸ், ஹோம் ஸ்டே எல்லாவற்றிலும் அலுமினிய ஜன்னல்தான். மலைப் பனிக்குத் துருப்பிடிக்காது, கறையான் அரிக்காது, மழைக்கு உப்பிப் போகாது. பண்டாரவளை, வெலிமடை, பசறை, பதுளை எங்கும் இதே நிலைதான். இந்த வேலையை நம்பி எத்தனையோ பாஸ்மாரும், பார் விற்கும் கடைக்காரர்களும் வாழ்கின்றனர். ஆகவே இது நமது அடுப்போடு சம்பந்தப்பட்ட பேச்சு.

விலை எங்கே தீர்மானிக்கப்படுகின்றது?

நமது நாட்டில் அலுமினியத்தை மண்ணிலிருந்து உருக்கி எடுக்கும் ஆலை இல்லை. பொக்சைட் என்னும் மண் ஏறத்தாழ நான்கு தொன் வேண்டும். அதிலிருந்து இரண்டு தொன் அலுமினா என்னும் வெள்ளைத் தூள். அதிலிருந்து ஒரு தொன் அலுமினியம். அந்த ஒரு தொன்னுக்குச் சுமார் 14,000 யூனிட் மின்சாரம் செலவாகின்றது. மலிவான மின்சாரம் இல்லாத நாடு இந்தத் தொழிலை நினைத்தும் பார்க்க முடியாது.

இங்கே நடப்பது இரண்டாம் கட்ட வேலை. உருளை வடிவ அலுமினியக் கட்டிகளை இறக்குமதி செய்தும், உள்ளூரில் சேரும் பழைய அலுமினியத்தை உருக்கியும், அதைச் சூடாக்கி அச்சின் வழியே தள்ளிப் பாராக்கி, நிறம் பூசி விற்பது. சப்புகஸ்கந்தையில் உள்ள ஹேலீஸ் குழுமத்தின் அலுமெக்ஸ், தொம்பேயில் உள்ள சுவிஸ்டெக் அலுமினியம் என்பன இந்த வரிசையில் வருகின்றன. அலுமெக்ஸ் 2014இல் கொழும்புப் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. ஆகவே அதன் காலாண்டுக் கணக்குகளையும் ஆண்டறிக்கையையும் எவரும் பார்க்கலாம்.

இத்தகைய கம்பனியின் மூலப்பொருள் விலை சப்புகஸ்கந்தையில் தீர்மானிக்கப்படுவதில்லை. லண்டன் உலோகச் சந்தையில் டொலரில் தீர்மானிக்கப்படுகின்றது. பிறகு அந்த டொலர், ரூபாவாக மாறும்போது இன்னொரு தடவை விலை மாறுகின்றது. 2020 ஏப்ரலில், கொரோனாக் காலத்தில், ஒரு தொன் அலுமினியம் 1,500 டொலருக்கும் கீழே இருந்தது. அன்றைய டொலர் பெறுமதிக்கு அது மூன்று இலட்சம் ரூபாவுக்கும் குறைவு. 2022 மார்ச் 7ஆம் திகதி, உக்ரைன் யுத்தம் தொடங்கிய இரண்டாம் வாரத்தில், லண்டனில் அது 4,000 டொலரைத் தொட்டது. அதே நாளில்தான் நமது மத்திய வங்கி டொலரை 230 ரூபா வரை போகவிடுவதாக அறிவித்தது. அறிவித்த எல்லையில் அது நிற்கவில்லை. மே மாதத்தில் 360 ரூபாவாகிவிட்டது. அந்த மே மாதத்தில் லண்டன் விலை 2,800 டொலர் அளவுக்கு இறங்கியிருந்தும், ரூபாவில் ஒரு தொன் ஏறத்தாழ பத்து இலட்சம் ஆயிற்று. அதாவது டொலரில் இரண்டு மடங்குக்கும் குறைவாக ஏறிய பொருள், ரூபாவில் மூன்று மடங்குக்கும் மேலே போனது.

இது கட்டியின் விலை மட்டுமே. அச்சு, நிறம், மின்சாரம், கூலி, வரி எல்லாம் இதற்கு மேலே.

விற்பனை அதே, இலாபம் பாதி

விலை இவ்வாறு ஆடும்போது ஒரு கம்பனியின் ஆண்டுச் சாதனையை எப்படி அளப்பது? அயல்நாட்டு உதாரணம் ஒன்றைத் தருகின்றேன். இந்தியாவின் ஒடிசா மாநிலத்தில் நால்கோ என்னும் அரச கம்பனி இருக்கின்றது. 1981இல் ஆரம்பிக்கப்பட்டது. பொக்சைட் தோண்டுவதிலிருந்து அலுமினியக் கட்டி, கம்பி, தகடு வரை அனைத்தையும் தானே செய்கின்றது. அதன் உருக்காலையின் கொள்ளளவு வருடத்துக்கு 4.6 இலட்சம் தொன்.

2021-22 நிதியாண்டில் இக்கம்பனியின் வருமானம் 14,181 கோடி இந்திய ரூபா. நிகர இலாபம் 2,952 கோடி. மறு ஆண்டு, 2022-23இல், வருமானம் 14,255 கோடி; நிகர இலாபம் 1,544 கோடி. இரண்டு வருடமும் ஆலை முழுக் கொள்ளளவில் ஏறத்தாழ 4.6 இலட்சம் தொன் உற்பத்தி செய்தது. விற்பனைத் தொகை சற்றுக் கூடியது, பொருளின் அளவு அதே, ஆனால் இலாபம் பாதியாகிவிட்டது. நிலக்கரி, காஸ்டிக் சோடா போன்றவற்றின் செலவு ஏறி இலாபத்தைத் தின்றுவிட்டது.

பிறகு 2024-25இல் வருமானம் 16,788 கோடியாகவும், நிகர இலாபம் 5,325 கோடியாகவும் உயர்ந்தன. அலுமினிய உற்பத்தி அப்போதும் அதே 4.6 இலட்சம் தொன் அளவில்தான். நால்கோ தனது தேவைக்கு மேல் உள்ள அலுமினாவை வெளியே விற்கும் கம்பனி. அந்த வருடம் உலகச் சந்தையில் அலுமினா விலை எகிறியதால் பணம் கொட்டியது.

இதில் நமக்குரிய பாடம் என்ன? வருமானம் என்னும் முதல் வரியைப் பார்த்து மகிழ்வதும், கவலைப்படுவதும் வீண். விலை ஏறிய வருடத்தில் கைகட்டி நின்றவனுக்கும் விற்பனை கூடியதாகவே தோன்றும். விலை இறங்கிய வருடத்தில் ஓடியாடி உழைத்தவனுக்கும் குறைந்ததாகத் தோன்றும். உழைப்பைக் காட்டுவது தொன் கணக்கு. அந்த உழைப்புக்கு மிஞ்சியது எவ்வளவு என்பதைக் காட்டுவது இலாபக் கணக்கு. ரூபாக் கணக்கு மட்டும் இருந்தால் இரண்டும் தெரியாது.

கடையில் இதே கணக்கு

இப்போது நமது கடைக்கு வருவோம். விளங்குவதற்காக ஓர் உதாரணக் கணக்கு போடுகின்றேன். ஒரு வியாபாரி 1,000 கிலோ அலுமினியம் பாரை கிலோ 900 ரூபாப்படி வாங்குகின்றார். முதல் 9 இலட்சம். விலை ஏறுகின்றது. 1,500 ரூபாப்படி அனைத்தையும் விற்றுவிடுகின்றார். கையில் 15 இலட்சம். "ஆறு இலட்சம் இலாபம், அல்ஹம்துலில்லாஹ்" என்கிறார். மறுநாள் ஸ்டொக் எடுக்கப் போகின்றார். கம்பனி விலை இப்போது 1,700. கையிலுள்ள 15 இலட்சத்துக்குக் கிடைப்பது 882 கிலோ.

ஆறு இலட்சம் இலாபம் கண்ட மனிதர் 118 கிலோவை இழந்துவிட்டார். அந்த ஆறு இலட்சத்தில் நான்கு இலட்சத்தை எடுத்து வேன் ஒன்றுக்கு முற்பணம் கட்டியிருந்தால் மிஞ்சும் 11 இலட்சத்துக்கு 647 கிலோதான் வரும். கடையின் மூன்றிலொரு பங்கு காணாமல் போய்விட்டது. கணக்குப் புத்தகத்திலோ அது "நல்ல வருடம்".

2021, 2022 ஆகிய வருடங்களில் நமது மாகாணத்தில் நடந்தது இதுதான். விலை ஏற ஏறக் கடைகளில் கூட்டம். சிமெந்து, கம்பி, டைல்ஸ், அலுமினியம் எதை வைத்திருந்தாலும் அது விலைபோனது. சிலர் அந்தக் காசில் காணி வாங்கினர், வீட்டு மாடி கட்டினர், பிள்ளைகளின் கலியாணத்தைப் பெரிதாகச் செய்தனர். பின்னர் 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. வங்கிக் கடன் வட்டி 25 சதவீதத்தையும் தாண்டியது. கட்டட வேலைகள் நின்றன. கம்பனிகள் கடனுக்குச் சரக்குத் தருவதைச் சுருக்கின. அப்போதுதான் ராக்கையைப் பார்த்தார்கள். ராக்கை வெறுமை. அந்த வருடத்தில் மூடிய கடைகள் விற்பனை இல்லாமல் மூடவில்லை. நன்றாக விற்று, முதலைச் சாப்பிட்டு மூடின. நான் கண்ட வரை இதுவே உண்மை.

கிலோவில் எண்ணாதவருக்கு வரியிலும் ஓர் ஆபத்து இருக்கின்றது. வற் வரிக்குப் பதிய வேண்டிய எல்லை ரூபாவில் வைக்கப்படுகின்றது. 2024 ஜனவரியில் வரி வீதம் 18 சதவீதமானபோது, வருடாந்த விற்பனை எல்லை 8 கோடியிலிருந்து 6 கோடியாகக் குறைக்கப்பட்டது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அதனை 3 கோடியே 60 இலட்சமாக்கும் யோசனையும் முன்வைக்கப்பட்டது. அதே கிலோவை விற்கும் கடை, விலை ஏறிய ஒரே காரணத்தால் அந்த எல்லையைத் தாண்டிவிடலாம். வியாபாரம் வளராமலே வரிக்காரர் ஆகின்ற நிலை அது. முன்கூட்டியே தெரிந்தவர் கணக்காளரிடம் போவார். தெரியாதவரிடம் நோட்டீஸ் வரும்.

பழைய சாமானுக்குப் புது விலையா?

இவ்விடத்தில் நியாயமான கேள்வி ஒன்று எழும். கடைக்கு வரும் பாஸ் ஒருவர் என்னிடமே கேட்டார். "நானா, இந்த பார் போன மாசமே ராக்கையில இருந்திச்சி. நீங்க பழைய விலைக்கு வாங்கினது. இப்ப ஏன் புது விலை போடுறீங்க?"

"தம்பி, இத வித்த காசில நாளைக்கி இன்னொரு பார் வாங்கி வெக்கணும். இல்லாட்டி அடுத்த தடவ நீங்க வாற நேரம் கடையில ஒண்டும் இரிக்காது" என்றேன்.

"அப்ப விலை இறங்கினா?" என்றார்.

அதுதான் சரியான கேள்வி. இன்றைய விலைக்கு விற்பது அநியாயம் அல்ல. மாற்றுச் சரக்கு வாங்கும் விலைக்கு விற்காத கடை நிலைக்காது. ஆனால் அந்த நியாயம் இரண்டு பக்கமும் ஓட வேண்டும். ஏறுகின்றபோது அன்று மாலையே விலையை மாற்றுபவர், இறங்குகின்றபோது "இது பழைய ஸ்டொக், கூடின விலைக்கு வாங்கினது" என்று மூன்று மாதம் இழுப்பாராயின், அவர் வைத்திருப்பது நியாயம் அல்ல, சாட்டு. 2022 மே மாதத்தில் பத்து இலட்சமாக இருந்த ஒரு தொன்னின் விலை, லண்டன் சந்தை 2,200 டொலருக்கும் கீழே வந்த செப்டம்பர் இறுதியில் எட்டு இலட்சத்துக்கும் கீழே இறங்கியது. அந்த இறக்கத்தை வாடிக்கையாளருக்குக் கொடுத்த கடைகளும் உண்டு, கொடுக்காத கடைகளும் உண்டு. யார் கொடுத்தார் என்பதைப் பாஸ்மார் மறக்கவில்லை.

பெரிய கம்பனிக்கு இதில் தப்பிக்க வழியில்லை. கணக்கியல் விதிப்படி, வாங்கிய விலை, விற்கக்கூடிய விலை இரண்டில் எது குறைவோ அந்த விலைக்கே ஸ்டொக்கைக் காட்ட வேண்டும். விலை விழுந்தால் நட்டத்தை அந்த வருடமே எழுதியாக வேண்டும். நமக்கு அப்படிக் கட்டாயப்படுத்த எவரும் இல்லாததால் நாமே நம்மைக் கட்டாயப்படுத்த வேண்டியிருக்கின்றது.

உண்மையில் நம்மில் பலருக்கு இந்தப் பழக்கம் புதிதும் அல்ல. வருடத்தில் ஒரு நாள் ஸகாத்துக்காக ஸ்டொக் எண்ணுகின்றோம். வாங்கிய விலையைப் பார்ப்பதில்லை. அன்றைய சந்தை விலைக்கே மதிப்பிட்டு, கொடுக்க வேண்டிய இரண்டரை சதவீதத்தைக் கணக்கிடுகின்றோம். அந்த ஒரு நாள் கணக்குத்தான் நமது கடையின் நேர்மையான ஆண்டறிக்கை. அதே தாளில் பக்கத்தில் இன்னொரு வரி எழுதினால் போதும்: சென்ற வருடம் இதே நாளில் எத்தனை கிலோ, இந்த வருடம் எத்தனை கிலோ. ரூபா கூடி கிலோ குறைந்திருந்தால் கடை தேய்கின்றது. ரூபா குறைந்து கிலோ கூடியிருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை.

ஆண்டறிக்கையில் பார்க்க வேண்டிய மூன்று வரிகள்

அலுமினியக் கம்பனியின் அறிக்கை கையில் கிடைத்தால் முழுவதையும் வாசிக்க வேண்டியதில்லை. கடைக்காரருக்கு மூன்று வரிகள் போதும்.

முதலாவது, வர வேண்டிய கடன். கம்பனிக்கு அது வரவு. நமக்கு அது கொடுக்க வேண்டிய கடன். விற்பனையை விட வேகமாக அந்தத் தொகை வளர்ந்திருந்தால், சந்தையில் பணம் முடங்கிக் கிடக்கின்றது என்று அர்த்தம். தொண்ணூறு நாள் செக் வாங்கிய கம்பனி, முப்பது நாள் கேட்கும் காலம் வரப்போகின்றது என்று முன்னரே ஆயத்தமாகலாம்.

இரண்டாவது, நிதிச் செலவு. கம்பனி வங்கிக்குக் கட்டும் வட்டி இது. நாம் வட்டிக்கு வாங்காமல் ஒதுங்கி வியாபாரம் செய்தாலும், சரக்கு தரும் கம்பனியின் வட்டிச் செலவு பாரின் விலைக்குள் அமர்ந்து நம்மிடம் வந்து சேரும். அந்த வரி ஏறினால் விலையும் ஏறும், அல்லது நமக்குத் தரும் கழிவு குறையும்.

மூன்றாவது, தொழிலிலிருந்து வந்த காசு. இலாபம் என்று எழுதியிருக்கும், காசு வந்திருக்காது. இலாபம் கூடி, காசோட்டம் மறைப் பெறுமானத்தில் இருந்தால், அந்த இலாபம் ஸ்டொக்காகவும் கடனாகவும் நிற்கின்றது. உதாரணக் கணக்கில் வந்த வியாபாரியின் ஆறு இலட்சம் போன்றதுதான் அதுவும்.

வாக்கும் விலையும்

விலை ஆடும் காலத்தில் கடைக்காரரை விடவும் அதிகம் அடிபடுபவர்கள் பாஸ்மார். 2022இல் எங்கள் பகுதியில் ஒரு பாஸ், ஒரு கெஸ்ட் ஹவுஸின் ஜன்னல் வேலை முழுவதையும் ஒரே தொகைக்குப் பேசி முற்பணம் வாங்கியிருந்தார். பார் வாங்கப் போவதற்குள் விலை பறந்துவிட்டது. வாக்கு மாறினால் பெயர் கெட்டுவிடும் என்று சொந்தக் காசைப் போட்டு வேலையை முடித்துக் கொடுத்தார். மனிதரை மதிக்கின்றேன். ஆனால் இப்படி ஒரு தடவைதான் செய்ய முடியும். இரண்டாம் தடவை செய்ய அவரிடம் முதல் இருக்காது.

வாக்கையும் முதலையும் ஒன்றாகக் காப்பாற்ற வழி இருக்கின்றது. விலைக் குறிப்பில் "இந்த விலை ஏழு நாட்களுக்கு மட்டும்" என்று எழுதுங்கள். முற்பணத்தை, முதலில் சரக்கு வாங்கப் போதுமான அளவுக்குக் கேளுங்கள். வாங்கிய அன்றே அந்த வேலைக்குரிய பாரை எடுத்து ஒதுக்கிவிடுங்கள். பிறகு லண்டனில் என்ன நடந்தாலும் அந்த வீட்டின் ஜன்னலுக்கு ஒன்றும் ஆகாது. கடைக்காரர்களும் அப்படி ஒதுக்கி வைக்க இடம் கொடுக்க வேண்டும். அது பெரிய உதவி.

இதை இப்போது வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கின்றது. 2026 ஜனவரித் தொடக்கத்தில், 2022க்குப் பிறகு முதல் தடவையாக, அலுமினியம் மீண்டும் 3,000 டொலரைத் தாண்டியது. சீனா தனது உருக்காலைகளின் கொள்ளளவுக்கு 2017இல் வருடம் 4.5 கோடி தொன் என்று எல்லை போட்டது. உலகில் பாதிக்கும் மேற்பட்ட அலுமினியம் அங்கிருந்துதான் வருகின்றது; அந்த எல்லையை அது நெருங்கிவிட்டதால், நினைத்தபோது உற்பத்தியைக் கூட்ட முடியாது. டொலர் 300 ரூபாவைத் தாண்டியிருக்கின்ற நிலையில் 3,000 டொலர் என்பது தொன் ஒன்பது இலட்சத்துக்கும் மேல். வரிசைகளும் மின்வெட்டும் இல்லாமலே நெருக்கடிக் கால விலைக்கு அருகில் வந்து நின்றது.

மறுபுறம், 2025 நவம்பரில் வீசிய டித்வா புயல் நமது பதுளை மாவட்டத்தை மண்சரிவுகளால் கடுமையாகப் பாதித்தது. வீடுகள் மீண்டும் கட்டப்பட வேண்டும். கூரையும் ஜன்னலும் கேட்டு வருபவர்களில் தோட்டத்து மக்களும் இருப்பார்கள், ஹோட்டல்காரர்களும் இருப்பார்கள். கேள்வி இருக்கும், விலையும் ஆடும். கல்லாவில் ரூபா நிறையப் புழங்குகின்ற இத்தகைய காலத்தில்தான் முதல் கரைகின்றது.

ஆகவே கணக்கு முடிக்கின்ற நாளில் கல்லாவை மட்டும் எண்ணி மகிழாதீர்கள். ஒரு தராசையும் ஒரு கொப்பியையும் எடுத்துக்கொண்டு ராக்கைக்குப் போங்கள். பாரை நிறுத்து எழுதுங்கள், சிமெந்து மூட்டையை எண்ணுங்கள், சென்ற வருடத்து எண்ணைப் பக்கத்தில் வையுங்கள். அந்தக் கிலோ குறையாமல் மிஞ்சியது எதுவோ அதுவே இலாபம். வீட்டுக்கு எடுப்பதும், வேன் வாங்குவதும் அதிலிருந்துதான். அடுத்த மழைக்கு ஜன்னல் கேட்டு வருபவருக்குக் கொடுக்க ராக்கையில் பார் இருந்தால், நாமும் இருப்போம், இன்ஷா அல்லாஹ்.